ஊர்ச் சாவும் சேரிச் சாவும்: ஒரு டிசம்பர் கணக்கு

வருஷக் கடைசி வந்தால் பத்திரிகைகளுக்குப் பிணக்கணக்கு எழுதுகிற வேலை வந்துவிடும். 'மறைந்த மாமனிதர்கள்', 'காலம் கொண்டுபோன கலைஞர்கள்' என்று பக்கம் பக்கமாகக் கட்டம் போட்ட முகங்கள். முகத்துக்குக் கீழே பேர், பேருக்குக் கீழே தேதி. காலண்டர்காரனும் சும்மா இருக்கமாட்டான். தாளைக் கிழித்தால் அடியில் பொடி எழுத்தில் இன்னார் நினைவு நாள் என்று இருக்கும். நான் வங்கியில் குமாஸ்தா. காலண்டரை வைத்துப் பிழைக்கிறவன். எந்த நாள் விடுமுறை, எந்த நாள்வரைக்கும் வட்டி, எந்தத் தேதியோடு செக் செல்லாமல் போகும், எல்லாமே அதைப் பார்த்துத்தான். அதனால் அந்தப் பொடி எழுத்தை மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே படித்திருக்கிறேன். படித்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். காலண்டரிலும் ஊர் தனி, சேரி தனி.

டிசம்பர் மாதத்தையே எடுத்துக்கொள்வோம். 5ஆம் தேதி ஜெயலலிதா, 2016. 6 அம்பேத்கர், 1956. 7 சோ, 2016. 11 எம்.எஸ். சுப்புலட்சுமி, 2004. 15 வல்லபபாய் படேல், 1950. 24 பெரியார், 1973. அதே 24 எம்.ஜி.ஆர்., 1987. 25 ராஜாஜி, 1972. 26 நடிகை சாவித்திரி, 1981. 28 விஜயகாந்த், 2023. இதில் நான் கும்பிடுகிறவர் உண்டு, ரசிக்கிறவர் உண்டு, எனக்குச் சுத்தமாக ஆகாதவரும் உண்டு. செத்தவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பட்டியலோடுதான் சண்டை.

இதே மாதத்தில் இன்னொரு பட்டியலும் இருக்கிறது. டிசம்பர் 1, 1997. பீகாரில் லட்சுமண்பூர் பாத்தே. ரண்வீர் சேனா ராத்திரியில் புகுந்து கொன்றது 58 பேரை, பெரும்பாலோர் தலித்துகள். டிசம்பர் 2, 2019. மேட்டுப்பாளையம் நடூர். விடியற்காலை மழையில் பக்கத்து வீட்டுக்காரர் எழுப்பியிருந்த இருபதடிக் கல்சுவர் சரிந்து அருந்ததியர் 17 பேர் மண்ணோடு மண்ணாகப் போனார்கள். டிசம்பர் 25, 1968. கீழ்வெண்மணி. ஒரே குடிசைக்குள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பட்டியல் முழுக்கப் பேர். இரண்டாவது பட்டியல் முழுக்க எண்ணிக்கை. அவர்களுக்குப் பேர், நமக்கு நம்பர். நான் சொல்ல வந்தது இதுதான். மீதி எல்லாம் இதற்கு விளக்கம்.

*

என் தாத்தா எழவு சொல்லி. மாணவத் தோழர்கள் சிலருக்கு இந்தச் சொல் பிடிபடாமல் போகலாம். போன் இல்லாத காலத்தில் ஊர்த்தெருவில் ஒரு உசுரு போனால், அந்தச் சேதியை உறவுக்காரர்கள் இருக்கிற ஊருக்கெல்லாம் நடந்துபோய்ச் சொல்ல வேண்டியது சேரிக்காரன் வேலை. ராத்திரி, மழை, காய்ச்சல் என்று காரணம் சொல்ல முடியாது. கூப்பிட்டால் போகணும். தாத்தாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் செத்தவர் பேர், அவர் அப்பன் பேர், எந்த ஊரில் யார் வீட்டு வாசலில் சொல்லணும், அந்த வீட்டுக்காரர் செத்தவருக்கு அண்ணன் மகனா அக்காள் மருமகனா, பொழுது சாயப் பொணம் எடுக்கிறார்களா மறுநாள் காலையிலா, அத்தனையையும் மனசில் வைத்துக்கொண்டு ஏழெட்டு ஊர் நடப்பார். ஒரு பேர் மாறினாலும் உதை விழும். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தெருமுனையில் நின்று சத்தம் போட்டுச் சொல்வார். எந்த ஊரிலும் திண்ணை கிடையாது. சொம்பில் தண்ணி கிடையாது. கூலி ஒரு படி நெல், இல்லாவிட்டால் எட்டணா.

நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு மார்கழியில் தாத்தா செத்துப்போனார். அவர் சாவை யார் போய்ச் சொன்னது? அதற்கு ஆள் ஏது? சித்தப்பா வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு முடிந்தவரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஊர்த்தெருவில் சேதி தெரிந்ததும் ஒரு பெரிய மனுசர் கேட்டாராம், "அடப் பாவமே, இனிமே எழவு சொல்ல யாரு போறது?" எங்க ஆயா சாகிறவரைக்கும் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லி அழுதது. ஆயுசு பூராவும் ஊரான் பேரைச் சுமந்து திரிந்த மனுசன். அவர் போனதில் ஊருக்கு வந்த துக்கம் ஒரு வேலைக்கு ஆள் குறைந்துபோன துக்கம். அவர் பேரைக்கூட அந்தப் பெரிய மனுசர் சொல்லவில்லை.

பத்திரிகைகளின் இரங்கல் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தாத்தா ஞாபகம் வரும். ஊரான் சாவை உலகத்துக்கெல்லாம் சொல்கிற அதே வேலைதான் அங்கே நடக்கிறது. ஆள் மாறியிருக்கிறது, முறை மாறவில்லை. ஊர்ச் சாவுக்குப் பேரும் முறையும் நேரமும் உண்டு. சேரிச் சாவுக்கு 'அங்கே ஒரு நாலு பேர் செத்துட்டாங்களாம்' என்ற ஒரு வாக்கியம்.

*

'புகழ் பெற்றவர்கள் பட்டியல் என்றால் எதையாவது சாதித்தவர்களைத்தானே போடமுடியும், செத்தவர் அத்தனை பேரையுமா போடுவது?' என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல மனுசர், முற்போக்கு, பாரதியை விடிய விடியப் பேசுவார். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரிகிறது. பதில் சொல்கிறேன்.

வெண்மணிக்காரர்கள் என்ன சாதித்தார்கள்? கீழத்தஞ்சையில் மிராசுதார் வைத்ததுதான் சட்டம் என்று இருந்த காலத்தில் அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள். செங்கொடியை இறக்கு, சங்கத்தை விடு, நெல் உற்பத்தியாளர் சங்கத்துக்குக் கட்டுப்படு என்று மிரட்டியபோது முடியாது என்றார்கள். சாணிப்பாலையும் சவுக்கையும் கண்டு வளர்ந்த ஒரு தலைமுறை 'முடியாது' என்ற ஒரு சொல்லைச் சொன்னது. அதற்காகக் குடிசையோடு எரிக்கப்பட்டது. அப்புறம் அரசாங்கம் கணபதியா பிள்ளை கமிஷனைப் போட்டது. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கீழத்தஞ்சையில் வயலில் இறங்குகிறவனுக்கு இவ்வளவு கூலி என்று சட்டம் எழுதவேண்டி வந்தது இந்த 44 பேர் சாம்பலான பிறகு. ஒரு மாநிலத்தைச் சட்டம் போடவைத்தவர்கள் புகழ் பெற்றவர்கள் இல்லையா? பாட்டுப் பாடியவர் சாதனையாளர், நடித்தவர் சாதனையாளர், ஆண்டவர் சாதனையாளர். கூலியை உயர்த்தியவர் மட்டும் 'பலியானவர்'!

மேட்டுப்பாளையத்தில் இரண்டு பிள்ளைகளையும் ஒரே விடியலில் பறிகொடுத்த ஒரு அப்பா, அந்தப் பிள்ளைகளின் கண்களைத் தானமாகக் கொடுத்தார். யாரோ இரண்டு பேருக்கு இன்று பார்வை இருக்கிறது என்றால் அது அந்தக் குழந்தைகளால்தான். அதே நாளில் நியாயம் கேட்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்ற நம்முடைய ஆட்களுக்குக் கிடைத்தது போலீஸ் தடியடியும் கைதும். கண் கொடுத்தவனுக்கு அடி. இந்தச் சம்பவத்தை வருஷக் கடைசிப் பக்கத்தில் எப்படி எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். 'சுவர் இடிந்து 17 பேர் பலி.' சுவர்தான் குற்றவாளி. சுவருக்குச் சாதி கிடையாது பாருங்கள்.

நண்பரே, உங்கள் பட்டியலில் இடம் கிடைக்கச் சாதனை வேண்டியதில்லை. ஏற்கெனவே பேர் இருக்கவேண்டும். பேர் இருக்க வேண்டுமென்றால் பேர் சொல்லிக் கூப்பிடப்பட்டிருக்க வேண்டும். 'டேய்' என்றும் 'ஏய்' என்றும், சாதியைச் சொல்லியும் கூப்பிடப்பட்டவனுக்குச் செத்த பிறகு எங்கிருந்து திடீரென்று பேர் முளைக்கும்?

*

பேர் என்ன பெரிய விஷயம், வயிறு நிறைகிற வழியைப் பார்ப்போம் என்று சொல்கிற தோழர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு வங்கிக் குமாஸ்தாவாக ஒன்று சொல்கிறேன். எங்கள் கவுண்டருக்கு இறந்தவர் கணக்கில் கிடக்கிற பணத்தைக் கேட்டு ஆட்கள் வருவார்கள். இறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து, பாஸ்புக்கில் ஒரு எழுத்து என்று இருந்தால் போச்சு. தாலுகா ஆபீசுக்கும் வங்கிக்கும் நடந்தே செருப்புத் தேயும். நாமினி பேர் இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழ் கேட்போம். பேர் நிரூபணம் ஆகாதவரைக்கும் செத்தவன் செத்தவனே இல்லை, வாரிசு வாரிசே இல்லை. பணம் அங்கேயே கிடக்கும். பேர் இருந்தால்தான் பாத்தியதை. பேர் அழுவதற்கு மட்டும் தேவைப்படுகிற ஒன்று இல்லை தோழா, கேட்பதற்குத் தேவைப்படுவது.

கோர்ட்டிலும் இதே கணக்குத்தான். வெண்மணி வழக்கில் 1970இல் கீழ்க்கோர்ட் பத்தாண்டு தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. நிலபுலமும் காரும் வைத்திருக்கிற பணக்கார மிராசுதார்கள், தாங்களே அந்த இடத்துக்கு நடந்துபோய்த் தீவைத்திருப்பார்கள் என்று நம்பமுடியவில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. கவனியுங்கள். அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குப் பேர், அந்தஸ்து, கார் எல்லாம் இருக்கிறது. அந்தக் காரே அவர்களுக்குச் சாட்சியாக வந்து நின்றது. இந்தப் பக்கம் 44 பேர் கருகிக் கிடந்தும் சாட்சியாக முடியவில்லை. நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு 1980 டிசம்பரில் கொல்லப்பட்டார். அவரும் டிசம்பர் கணக்கில் சேர்ந்தார். வெண்மணியைப் பற்றிப் படிக்கிற எவருக்கும் அவர் பேர் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். எரிக்கப்பட்ட 44 பேரில் ஒருத்தர் பேரை, ஒரே ஒருத்தர் பேரை, பக்கத்தில் இருக்கிறவரைக் கேட்டுப் பாருங்கள். கொன்றதாகச் சொல்லப்பட்டவனுக்குப் பேர் இருக்கிறது. கொல்லப்பட்டவளுக்கு இல்லை.

இது ஏதோ பழைய தஞ்சாவூர்க் கதை, காலம் மாறிவிட்டது என்பவர்கள் பாத்தே வழக்கைப் பார்க்கட்டும். 58 பேர் கொலைக்கு 2010இல் பாட்னா விசாரணை நீதிமன்றம் 26 பேருக்குத் தண்டனை கொடுத்தது, அதில் 16 பேருக்கு மரண தண்டனை. 2013 அக்டோபரில் பாட்னா உயர்நீதிமன்றம் சாட்சிகளை நம்பமுடியாது என்று 26 பேரையும் விடுதலை செய்தது. கீழத்தஞ்சைக்கும் பீகாருக்கும் நடுவில் எவ்வளவு தூரம்! 1973க்கும் 2013க்கும் நடுவில் நாற்பது வருஷம்! வேறு மொழி, வேறு மாநிலம், வேறு நீதிபதிகள். தீர்ப்பு மட்டும் கார்பன் வைத்து எழுதினதுபோல.

*

இனி, அந்த முதல் பட்டியலிலேயே இருக்கிற நம்முடைய ஒரே மனுசரைப் பற்றிப் பேசலாம்.

பாபாசாகேப் அம்பேத்கர் 1956 டிசம்பர் 6 அன்று தில்லியில் தூக்கத்திலேயே காலமானார். லட்சக்கணக்கான மக்களோடு நாகபுரியில் பௌத்தம் தழுவி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. உடல் பம்பாய்க்குக் கொண்டுவரப்பட்டு மறுநாள் தாதர் கடற்கரையில் எரியூட்டப்பட்டது. அந்தச் சிதைக்கு முன்னால் நின்று ஆயிரமாயிரம் பேர் அங்கேயே பௌத்தம் ஏற்றார்கள். சாவு வீட்டில் தலைமுழுகிவிட்டுப் போவதுதான் வழக்கம். அந்தச் சனம் இந்து மதத்தையே தலைமுழுகிவிட்டுப் போனது. ஒரு சாவைக்கூட விடுதலைக்குப் பயன்படுத்திக்கொண்ட மக்கள் நாம். இதை மறக்கக்கூடாது.

அரசாங்கம் என்ன செய்தது? ராஜாஜிக்கு 1954இலேயே, உயிரோடு இருக்கும்போதே, பாரத ரத்னா. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில் இறந்தார், 1988இல் பாரத ரத்னா. அரசியல் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவருக்கு அது 1990இல்தான் வந்தது, செத்து 34 வருஷம் கழித்து. பட்டியலுக்குள் நம்மாள் ஒருத்தர் போனாலும் வரிசையில் கடைசியில்தான் நிற்கவேண்டும், பந்தியில் மிச்சம் இருந்தால் போடுவார்கள்.

பிறகு அந்த ஒரு தேதியையும் பறித்தார்கள். 1992 டிசம்பர் 6 பாபர் மசூதி இடிக்கப்பட்டது. தேதியைத் தெரிந்து வைத்தார்களோ தெரியாமல் வைத்தார்களோ, விளைவு ஒன்றுதான். அன்றிலிருந்து டிசம்பர் 6 என்றால் செய்தித்தாளுக்கு 'பலத்த போலீஸ் பாதுகாப்பு'. ரயில்வே ஸ்டேஷனில் பை சோதனை, பஸ் ஸ்டாண்டில் மோப்ப நாய். இஸ்லாமியச் சகோதரர்களுக்கு அது கறுப்பு நாள், நமக்கு நினைவு நாள். இரண்டு சமூகமும் ஒரே நாளில் துக்கம் காக்கிறோம், ஒரே கை அடித்த இரண்டு அடிகளுக்காக. அன்றைக்கு நாம் மாலை போடப் போகிற சிலையோ பல ஊரில் இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறது. பட்டியலில் இடம் கொடுத்தவர்கள் வெளியில் நிற்க இடம் கொடுக்கவில்லை.

2016 டிசம்பர் 6. பாபாசாகேபின் 60ஆம் நினைவு நாள். எங்கள் ஊரில் ஒரு மாதமாக ஏற்பாடு செய்திருந்தோம். பணமதிப்பிழப்பு நேரம், வங்கியில் நான் ராத்திரி ஒன்பது மணிவரை நோட்டு எண்ணிவிட்டு வந்து நோட்டீஸ் ஒட்டியிருந்தேன். முந்தின நாள் ராத்திரி முதலமைச்சர் ஜெயலலிதா இறந்தார். விடிந்தால் ஊர் முழுக்கக் கதவடைப்பு. இரங்கவேண்டிய சாவுதான், இல்லை என்று சொல்லவில்லை. எங்கம்மாவே டி.வி. முன்னால் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது. நாங்கள் கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டோம். மாலை மட்டும் போட்டுவிட்டு வரலாம் என்று ஆறு பேர் போனோம். பூக்கடை ஒன்றுகூட இல்லை. கிராமத்திலிருந்து ஒரு தோழர் செவ்வரளி பறித்து வந்து அவரே கட்டியிருந்தார். கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர், "இன்னிக்கு ஒரு சாவுதான்யா, போங்க" என்றார்.

இன்றைக்கு ஒரு சாவுதான்! எட்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த வார்த்தை காதை விட்டுப் போகவில்லை. அந்தப் போலீஸ்காரர் கெட்டவர் இல்லை. களைத்துப்போயிருந்தார். தெரிந்தோ தெரியாமலோ காலண்டரின் சட்டத்தை அவர் எங்களுக்கு வாசித்துக்காட்டினார்.

அதே 1956 டிசம்பரில், பாபாசாகேப் போன பதினாலாம் நாள், 20ஆம் தேதி, மகாராஷ்டிரத்தில் இன்னொருவர் இறந்தார். காட்கே பாபா. சலவைத் தொழில் செய்யும் சாதியில் பிறந்தவர். கையில் துடைப்பத்தோடு ஊர் ஊராகப் போவார். பகலில் அந்த ஊர்த் தெருவைப் பெருக்குவார், ராத்திரி கீர்த்தனம் பாடித் தீண்டாமையையும் மூடப்பழக்கத்தையும் சாடுவார். தமிழ்நாட்டில் எத்தனை தலித் இயக்கத் தோழர்களுக்கு அவரைத் தெரியும்? கையை உயர்த்துங்கள். எனக்கே முப்பது வயசுக்கு மேல்தான் தெரிந்தது. ஆகவே குற்றம் பத்திரிகைக்காரன் மேல் மட்டும் இல்லை.

*

நம்மையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம்.

டிசம்பர் 6க்கு நாம் அடிக்கிற போஸ்டரைப் பாருங்கள். பாபாசாகேப் மூலையில் தபால்தலை அளவுக்கு இருப்பார். நடுவில் நம்ம ஒன்றியச் செயலாளர் செல்போன் பேசிக்கொண்டு ஆளுயரத்துக்கு நிற்பார். கீழே வரிசையாக முப்பது முகங்கள். செத்தவர் நினைவு நாளில் உயிரோடு இருப்பவர்களின் கண்காட்சி. ஊர்க்காரன் பட்டியலில் இடமில்லை என்று கத்துகிற நாமே நமக்குள் இன்னொரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறோம்.

வெண்மணிக்கும் போகிறோம். ஒரு தரப்பு அவர்களை 'விவசாயக் கூலிகள்' என்கிறது, வர்க்கப் போராட்டம் என்கிறது. இன்னொரு தரப்பு 'தலித்துகள்' என்கிறது, சாதிப் படுகொலை என்கிறது. இந்தச் சண்டையில் நானும் பல டீக்கடைகளில் தொண்டை வறளப் பேசியிருக்கிறேன். ஏன், கூலி கேட்டதால் எரித்தார்கள் என்பதும் உண்மை, கேட்டவன் சேரிக்காரன் என்பதால் எரிக்கத் துணிந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் இரண்டு தரப்புமே சாதிப் பேரும் வர்க்கப் பேரும் வைத்தோமே தவிர, அவரவர் பெற்றோர் வைத்த பேரைச் சொன்னோமா? 'வெண்மணித் தியாகிகள் 44 பேர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டோம். மூட்டை கட்டுவது எதிரியின் பழக்கம். நாம் ஏன் அதைப் பழகினோம்?

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு கிளையில் பெருக்கித் துடைக்க ஒரு ஆயா வரும். பத்தொன்பது வருஷமாக வந்ததாம். எட்டு மணிக்கு முன்னால் பெருக்கி, கழிப்பறை கழுவி, எல்லா மேசையிலும் தண்ணி வைத்துவிட்டு ஓரமாகப் போய் உட்காரும். எல்லோருக்கும் அது 'ஆயா'. மாதக் கடைசியில் அதற்கு வவுச்சர் போடுவது நான். 'துப்புரவுச் செலவு' என்று எழுதி சார்ஜஸ் கணக்கில் பற்று வைப்பேன். பியூன் கையெழுத்துப் போட்டுக் காசை வாங்கி அதன் கையில் கொடுப்பார். வவுச்சரில் ஆயா பேர் வரக்கூடாது. ஏன் தெரியுமா? பேர் இருந்தால் நாளைக்குக் கோர்ட்டுக்குப் போய் நிரந்தரம் கேட்கும். நான் முன்னே சொன்னேனே, பேர் இருந்தால்தான் பாத்தியதை என்று, அதை மேலிடமும் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறது. ஆறு வருஷம் அந்த வவுச்சரை என் கையால் போட்டேன். சனி ஞாயிறு தலித் விடுதலைக் கூட்டத்தில் கவிதை வாசித்துவிட்டு வந்து மாதக் கடைசியில் பேரில்லாத வவுச்சர்.

ஒரு டிசம்பரில் ஆயா செத்துப்போனது. அதே வாரம் ஓய்வுபெற்ற ஒரு அதிகாரியும் இறந்திருந்தார். அவருக்குக் கிளையில் எல்லோரும் எழுந்து நின்று இரண்டு நிமிஷம் மௌனம். நோட்டீஸ் போர்டில் இரங்கல், அதை எழுதிக் கொடுத்ததும் நான்தான், கவிஞன் இல்லையா! ஆயாவுக்கும் ஒரு வரி போடலாமே என்று கேட்டேன். "ரோல்லயே இல்லாத ஆளுக்கு எப்படிங்க போடறது?" என்று பதில் வந்தது. நான் சண்டை போட்டேனா? இல்லை. சீட்டில் போய் உட்கார்ந்து அன்றைய கணக்கை முடித்தேன்.

மூன்று மாதம் கழித்து ஆயாவின் மகள் இறப்புச் சான்றிதழோடு என் கவுண்டருக்கே வந்தாள். கணக்கில் நாலாயிரத்துச் சொச்சம் இருந்தது. பாஸ்புக்கைத் திறந்தபோதுதான் ஆயாவின் முழுப் பேரை முதல்முதலாகப் படித்தேன். அழகான பேர். அப்பா பேரும் இருந்தது. ஆறு வருஷம் தினமும் என் மேசையில் தண்ணி வைத்த மனுசியின் பேர்.

அந்தப் பேரை இந்தக் கட்டுரையில் போடவேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். மகளிடம் கேட்டேன். "வேணாம்ணா" என்றாள். அந்தக் கிளையைப் பெருக்குவது இப்போது அவள். இன்னமும் வவுச்சரில்தான். அம்மா பேர் அச்சில் வந்தால் தன் வேலை போய்விடும் என்று பயப்படுகிறாள். அவள் பயம் நியாயமானது. ஆகவே பேரைப் போடவில்லை. பேரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு ஒரு பேரைப் போடமுடியாமல் நிற்கிறேன். என் வாதத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

*

தோழர்களே, செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன்.

1927 டிசம்பர் 25 அன்று மகாடில் பாபாசாகேப் மனுஸ்மிருதியை எரித்தார். அதே தேதியில் 41 வருஷம் கழித்து வெண்மணியில் மனு நம்மை எரித்தான். அந்த நாளை 2014இலிருந்து ஒன்றிய அரசு 'நல்லாட்சி நாள்' என்று கொண்டாடுகிறது. தேதியை எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். நாம் பேரை எடுத்துக்கொள்வோம்.

வருகிற டிசம்பர் 25 அன்று கல்லூரி விடுதியிலோ, காலனிப் படிப்பகத்திலோ, தொழிற்சங்க அறையிலோ கூட்டம் போடுகிறவர்கள் மௌன அஞ்சலி செலுத்தாதீர்கள். மௌனம் நமக்குப் புதுசா? நம்மை வாயை மூடி நிற்கவைத்ததுதானே இந்த நாட்டின் வரலாறு? வெண்மணி நினைவிடத்தில் 44 பேரின் பேரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. போய் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதிவந்து சத்தமாக வாசியுங்கள். நான் வாசித்துப் பார்த்தேன், நிதானமாக வாசித்தால்கூட ஐந்து நிமிஷம் ஆகாது. ஒரே குடும்பத்துப் பேர்கள் அடுத்தடுத்து வரும்போது தொண்டை அடைக்கும். அடைக்கட்டும். இங்கே நான் நாலு பேரைப் பொறுக்கி அச்சடித்தால் மற்ற நாற்பது பேரும் மறுபடி 'மற்றும் பலர்' ஆகிவிடுவார்கள். அதனால் இங்கே போடவில்லை. உங்கள் வாயால் முழுசாகச் சொல்லவேண்டும்.

அப்படியே அவரவர் ஊர்ச் சேரிக்குப் போங்கள். சுவர் விழுந்து செத்தவர், மலக்குழியில் இறங்கிச் செத்தவர், காதலித்ததற்காகக் கொல்லப்பட்டவர், சுனாமி அன்று நாகப்பட்டினத்துக்கு வெளியூரிலிருந்து லாரியில் கொண்டுவரப்பட்டு, மற்றவர் தொடமறுத்த பிணங்களை அள்ளிப் புதைத்துவிட்டு வந்து பிறகு யாருக்கும் தெரியாமல் செத்த துப்புரவுத் தொழிலாளி, இவர்கள் பேரை, அப்பா பேரை, அம்மா பேரை, ஊரை, தேதியை எழுதுங்கள். யாருக்காவது ஆபத்து வரும் என்றால் அச்சடிக்காதீர்கள், நோட்டில் எழுதி வையுங்கள். ஒருநாள் கேட்க வேண்டிவரும். அப்போது கையில் பேர் இருக்கவேண்டும்.

ஆயாவின் பேரை நான் எழுதி வைத்திருக்கிறேன். மகள் சொல்கிற அன்று அச்சடிப்பேன். பேரில்லாத வவுச்சர் இனி என் கையால் வராது என்று கிளையில் சொல்லிவிட்டேன். அதனால் வந்ததை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன், அது வேறு கதை.

இனிமே எழவு சொல்ல யாரு போறது என்று கேட்டார்களே. தாத்தா, நான் போறேன். துண்டை இடுப்பில் கட்டமாட்டேன், தோளிலேயே கிடக்கும். தெருமுனையில் நிற்கமாட்டேன், நடுத்தெருவில் நின்று சொல்வேன். இந்தத் தடவை நம்ம எழவு.